எழுபது புளியங்கொட்டை

கனடாவில் இருக்கும் பேரன் போன கிழமை கைபேசியில் ஒரு வீடியோ காட்டினான். பச்சைப் புல்வெளி ஒன்றில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தடியால் பந்தை அடித்துக் குழிக்குள் விழுத்துகிறார். சுற்றி நின்றவர்கள் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடிக்கிறார்கள். கிழவருக்கு எழுபத்தெட்டு வயதாம். பதினெட்டுக் குழியையும் எழுபத்தெட்டே அடியில் முடித்துவிட்டாராம். வயதுக்கு மேற்படாமல் அடிப்பது உலகத்தில் கொஞ்சப் பேருக்குத்தான் வாய்க்குமாம். "உங்களுக்கு விளங்குதா, அம்மம்மா?" என்று கேட்டான். எனக்கா விளங்காது? வெல்லாவெளி வயல் வட்டையில் நான் அதைப் பார்த்தபோது இவனுடைய அம்மாவே பிறக்கவில்லை. எனக்கு எழுத்து வாசிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

என் பெரியப்பா மலைநாட்டில் நாற்பது வருடம் துரைமாருடைய கோல்ஃப் தடிகளைச் சுமந்தவர். சுமந்ததோடு சரி, ஒரு தரம்கூட அடித்ததில்லை. அங்கே ஒருநாள் ஒரு கிழட்டுத் துரை தன் வயதளவு அடியில் ஆட்டத்தை முடித்தாராம். மற்றத் துரைமார் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேச்சுமூச்சில்லாமல் நின்றார்களாம். அதைச் சொல்லும்போதெல்லாம் பெரியப்பா தானும் எழும்பி நின்றுவிடுவார்.

ஊருக்குத் திரும்பி வரும்போது இரண்டு பழைய தடியும் ஒரு பை பந்தும் கொண்டுவந்தார். வேளாண்மை வெட்டி முடிந்ததும் தேத்தண்ணிக் கடையில் வெறும் தகரப் பால்பேணிகளை வாங்கி, வெட்டின வயலில் பதினெட்டு இடத்தில் புதைத்து, பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டார். எங்கள் பெரியம்மா எருமை வைத்துத் தயிர் விற்றவர். வாய்ச் சொல்லில் ஈவிரக்கம் பார்க்காத மனுஷி. "எழுபது வயசில இந்த மனிசனுக்கு விசர் புடிச்சிட்டுகா" என்று தயிர் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

பெரியப்பாவுக்கோ அவசரம். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துகொண்டு வந்தது. அடுத்த அறுவடைக்குப் பந்து தெரியாது என்று அவருக்கே தெரியும். அடி எண்ணுகிற வேலை எனக்கு. கையில் ஓலைப்பெட்டி, அதற்குள் எழுபது புளியங்கொட்டை. ஒரு அடிக்கு ஒன்றை எடுத்து எறிய வேண்டும். பெட்டி வெறுமையாவதற்குள் பதினெட்டுப் பேணியும் முடிந்தால் வெற்றி. ஒவ்வொரு நாளும் கொட்டைதான் முதலில் முடிந்தது.

உழவுக்கு முதல்நாள் கடைசி ஆட்டம். ஊரே வரம்பில் வந்து குந்தியிருந்தது. அன்று அவர் அடித்த அடியை இன்றைக்கும் என்னால் சொல்லி முடியாது. பந்து கொக்குப்போல எழும்பி, வானத்தில் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு இறங்கும். அறுத்த தாளில் மேய்ந்த எருமைகள்கூடத் தலையைத் தூக்கின. நான் வாயைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

நடுவில் ஒரு தரம் தடி பந்தில் படவேயில்லை. நான் கொட்டையை எடுக்கவில்லை.

"காத்துக்கு அடிச்சாலும் அடிதான், புள்ள. கொட்டையை எறி."

அப்படி ஒரு நேர்மை. அழுகை வந்தது, எறிந்தேன்.

நாங்கள் வட்டையின் மறுகோடித் தொங்கலில் நிற்கும்போது, காவல் வாடிக்குப் பக்கத்தில் கடைசிப் பேணி இருந்த இடத்தில் பெரியம்மா மண்வெட்டியோடு குனிந்து நின்றதைக் கண்டேன். வரம்பு கட்டுகிறார் என்று நினைத்தேன். வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காத பிறவி அவர்.

கடைசிப் பேணிக்கு வந்தபோது பெட்டியில் ஒரே ஒரு கொட்டை. பந்துக்கும் கம்புக்கும் நடுவில் இரண்டு ஆள் நீளம். பெரியப்பா கண்ணைச் சுருக்கிக் கொண்டு மெல்லத் தட்டினார். பந்து உருண்டது. கம்பை விட்டு ஒரு சாண் விலகித்தான் உருண்டது. போச்சு என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமற்போனது.

பேணியில் விழுந்தால் 'டங்' என்று கேட்கும். அன்று 'தொம்' என்றது.

ஊர் எழும்பி ஆர்ப்பரித்தது. பெரியப்பா மட்டும் அசையவில்லை. பிறகு போய் முழங்காலூன்றிக் குழிக்குள் கையை விட்டார். மணிக்கட்டு தாண்டியும் கை போனது. பந்தை எடுத்து, விரல்களை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். நான் எட்டிப் பார்த்தேன். பேணியைக் காணவில்லை, அதன் இடத்தில் பெரியம்மாவின் அகலத் தயிர்ச்சட்டி.

"பெரியப்பா, இது..."

"கொட்டை முடிஞ்சிதுதானே? பேசாம நில்லு, புள்ள."

வாடி வாசலில் பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பெரியப்பா எழும்பி, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து நெஞ்சில் வைத்து, அவரைப் பார்த்தபடி நின்றார். ஊரும் ஏனென்று தெரியாமலே அடங்கிப்போனது.

"தேத்தண்ணி ஆறுது, வாங்க" என்று மட்டும் பெரியம்மா சொன்னார்.

காற்றுக்கு அடித்ததற்கே கொட்டை எறிய வைத்த மனிதர்! நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. உழவு தொடங்கமுன் பெரியம்மா அந்தச் சட்டியைத் தோண்டி எடுத்து, கழுவி, மறுபடியும் தயிர் உறையவைத்தார். பெரியப்பா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். கள்ளச் சட்டித் தயிர் என்று நான் தொடவே இல்லை.