கவிழாத கங்கு

ரப்பர் தோட்டத்துக் கொசுவுக்கு ஈவிரக்கம் கிடையாது. பால்மரம் வெட்டப் போகும்போது, பழைய டின்னில் தேங்காய் மட்டையைப் புகையவிட்டு இடுப்பில் கட்டிக்கொள்வோம். ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்தேன். கங்கு கொட்டிச் சேலை பற்றி, இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெந்துபோனது.

என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பட்டறையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. புண் ஆறி நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள், தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு முனையிலும் பால் வாளியுமாக நான் மேட்டிலிருந்து இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பு சாயுது, வாளி சாயலையே."

"வாளி சாஞ்சா பால் நிறுக்குற கிராணி என்னைச் சாச்சிருவாரு," என்றேன். மனுஷர் சிரிக்கவில்லை. அங்கே பிடித்தது அந்தப் பைத்தியம்.

பல மாதம் கழித்து என் கையில் ஓர் உருண்டையைக் கொடுத்தார். ஓட்டை போட்ட தகர உருண்டை. உள்ளே ஒரு வளையம். வளையத்துக்குள் கங்கு போட அடிகனத்த சின்னக் கிண்ணம். உருண்டையை எப்படிப் புரட்டினாலும் கிண்ணம் மட்டும் வானத்தைப் பார்த்தபடி நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்த ஆளோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன் என்று தோன்றியது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஜொகூர் பாருவில் இவர் பெயரிலேயே பதியவும் ஏற்பாடு செய்தார். இனி இவர் அனுமதி இல்லாமல் யாரும் அதைச் செய்து விற்க முடியாதாம். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று அனுமதி கேட்டு ஒரு மாதிரியும் அனுப்பியது. பளபளவென்று இருந்தது, வளையத்தைத்தான் காணோம். செலவு குறையுமாம். இவர் கங்கு போட்டு முன்னால் சாய்த்தார், கொட்டவில்லை. பக்கவாட்டில் சாய்த்தார், தரையெல்லாம் நெருப்பு.

வளையத்தோடு செய்தால் செய்யலாம், வளையம் இல்லையென்றால் அனுமதியும் இல்லை என்று பதில் போட்டுவிட்டார். நான் சண்டைக்குப் போனேன். "கைக்கு எட்டுனதை இப்படித் தள்ளிவிடுறீங்களே."

"எந்தப் பக்கம் விழுவேன்னு முன்கூட்டியே சொல்லிட்டா விழுவே?" என்றார்.

கம்பெனியிடமிருந்து பேச்சுமூச்சில்லை. போனது போனதுதான் என்றிருந்தோம். சம்பளம் போட்ட வாரம் லாயாங் லாயாங் டவுனுக்குப் போனபோது, ஸ்டேஷனுக்கு எதிரே மளிகைக்கார நானாவின் கடை அலமாரியில், லாந்தருக்கும் சவுக்காரத்துக்கும் நடுவே வரிசையாக அந்த உருண்டைகள். அத்தனையும் ஒரே அச்சு. நாங்கள் கண்ணால் பார்த்திராத ஊரில், எந்த இயந்திரமோ இவர் கையைப் போலவே வேலை செய்திருந்தது. நான் மலைத்து நின்றேன். இவர் வாசலைத் தாண்டவே இல்லை.

"வளையம் இருக்குமா?" என்று என் காதில் கேட்டார்.

"உள்ள வாங்கண்ணே, புதுச் சாமான்லா," என்று நானாவே ஒன்றை இறக்கினார். அடுப்பிலிருந்து கங்கெடுத்துப் போட்டு, எப்படிப் பிடிப்பது, எங்கே கட்டுவது என்று இவருக்கே பாடம் நடத்தினார். இவர் கைகட்டிக் கேட்டார். நானா அதைப் பக்கவாட்டில் சாய்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கங்கு கிண்ணத்திலேயே சிவந்து கிடந்தது. இவர் காசைக் கொடுத்து அதை வாங்கினார். கடையென்றும் பாராமல் குனிந்து, அதை என் இடுப்பில், தழும்புக்கு மேலேயே கட்டினார்.

"இனிமே எந்தப் பக்கம் வேணும்னாலும் விழு," என்றார்.