கமலவேணியின் அன்னாசித் தண்ணீர்

காஜா பேராங் வட்டாரத்தில் யூசுப்பின் தேநீர்க் கடைக்குப் பின்வீட்டில் குடியிருந்த கமலவேணிக்கு, கணவர் அப்பாசாமி இறந்த பிறகு பிற்பகல் என்றாலே பயம். அந்த வேளையில்தான் உள்ளறையில் அவர் நாக்கைச் சப்புக் கொட்டுவது கேட்கும். வேண்டாத எதையோ விழுங்கிவிட்டவரின் சத்தம் அது. எட்டிப் பார்த்தால் கட்டில் காலியாகக் கிடக்கும்.

அப்பாசாமி சாலை போடும் வேலையில் இருந்தவர். இனிப்புநீர் நோய் முற்றி, கால் புண் ஆறாமல் படுத்துவிட்டார். டாக்டர் சீனியை அடியோடு நிறுத்தச் சொன்னார். ஆனால் அவருக்கு அன்னாசித் தண்ணீர் என்றால் உயிர். கமலவேணி சீன மருந்துக் கடையில் சீனிக்குப் பதிலாகப் போடும் சாக்கரின் மாத்திரை வாங்கிவந்து, இரண்டு துண்டு பழத்தை நசுக்கிக் கலக்கிக் கொடுத்தாள்.

“கசக்குது வேணி.”

இனிப்புப் போதவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். இன்னும் இரண்டு மாத்திரை போட்டாள். அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார்.

“இப்ப நல்லாருக்கு,” என்றார்.

சாயங்காலமே நினைவு தப்பியது. அதற்கப்புறம் அவர் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், அவள் அதே அளவில் கலக்கித் தானே குடித்துப் பார்த்தாள். முதலில் தித்தித்தது. பிறகு துருப்பிடித்த தகரத்தை நக்கியது போல ஒரு கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. எத்தனை தடவை கொப்பளித்தும் போகவில்லை. அவர் எதை விழுங்கினார் என்பது அப்போதுதான் தெரிந்தது. உள்ளறையில் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

அந்தத் தண்ணீரின் கசப்பைப் போக்காமல் அவள் விடுவதாக இல்லை. மத்தியானமானால் அடுப்பு மூட்டி, அன்னாசித் தோலைப் பட்டையோடு கொதிக்கவைத்து வடிகட்டி, மாத்திரையைப் போடுவாள். வாசனை தூக்கலாக இருந்தது, கசப்பும் இருந்தது. யூசுப்புக்கும் இனிப்புநீர் உண்டு. அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

“பரவால்ல தங்கச்சி.”

“சும்மா சொல்லாதீங்க நானா. கசந்தா கசக்குதுன்னு சொல்லணும்.”

அவள் குரலைக் கேட்டு யூசுப் நிமிர்ந்து பார்த்தார். “கசக்குது,” என்றார்.

இப்படியே பல வாரம் போயிற்று. கடைசியில் ஒருநாள் யூசுப் கிளாஸைக் காலி செய்துவிட்டு, மறுபடியும் நீட்டினார்.

“என்ன போட்டீங்க?”

“மாத்திரையப் பாதியாக் குறைச்சேன். கஸ்தூரி எலுமிச்சை பிழிஞ்சேன். அப்புறம் ஒரு சிட்டிகை உப்பு.” சொல்லிக்கொண்டே வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “உப்புதான் நானா. அன்னிக்கும் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு.”

ரேடியோவில் சுதந்திரப் பேச்சுவார்த்தை பற்றிய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. யூசுப் அதை நிறுத்தினார்.

தள்ளியிருந்த பத்து பெரெண்டாம் ஊரிலிருந்துகூட இனிப்புநீர்க்காரர்கள் அவள் தண்ணீரைத் தேடி வந்தார்கள். உள்ளறைச் சத்தம் சில நாள் கேட்கவில்லை. சில நாள் கேட்டது.

சுதந்திர நாளன்று யூசுப்பின் மனைவி மரியமும் அவளும் பெரிய பானையில் கலக்கிக் கூட்டத்துக்கு ஊற்றிக் கொடுத்தார்கள். வெயிலில் வந்தவர்கள் ரசித்துக் குடித்தார்கள். மரியம் ஒரு கிளாஸை அவளிடம் நீட்டினாள்.

“காலையிலேர்ந்து நிக்கிறீங்க. நீங்களும் குடிங்க.”

கமலவேணி வாங்கினாள். உதடுவரை கொண்டுபோனாள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.