எதிரணிக்குப் பிடித்த ஆட்டக்காரன்

இன்று காலை முடிச்சூர் கிரவுண்டில் வாலிபால். நான் ஓங்கி அடித்த முதல் பந்து, மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் இறங்க அனுமதி கேட்டிருக்கும்.

அதன்பின் எதிரணி எல்லா சர்வீஸையும் என்னைப் பார்த்தே போட்டது. சிங்கத்தோடு மோத ஆசை போலும் என்று நினைத்து, ஒவ்வொன்றையும் கம்பீரமாகத் தவறவிட்டேன். தோற்றோம்.

எதிரணி கேப்டன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, அடுத்த ஞாயிறும் நீங்க கண்டிப்பா ஆடணும்!"

எங்கள் கேப்டன் குறுக்கே வந்தார். "வேணாண்ணா, வூட்ல ரெஸ்ட் எடுங்க. உடம்பு முக்கியம்."

"என் உடம்பு நல்லாத்தானேப்பா இருக்கு?"

"எங்க உடம்பச் சொன்னேண்ணா."

எதிரி கொண்டாடுகிறான், சொந்த அணி ஒதுக்குகிறது. அப்படியென்றால் நான் எந்த லெவல் ஆட்டக்காரன்? சத்தியமாகப் புரியவில்லை.

பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். தோற்ற அணியின் கருத்து மட்டும் செல்லாது.