சுவரின் அந்தப் பக்கம்

இன்டர்நெட் கேபிள் இழுப்பவருக்கு ஒரு கெட்ட பழக்கம். சுவரில் ஓட்டை போட்டதும் கேபிளை நுழைக்க மாட்டார்; முதலில் கண்ணை வைத்துப் பார்ப்பார். தெரிவது என்னவோ ஒரு துண்டு வானம், இல்லாவிட்டால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டை. ஆனாலும் பார்க்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். மனைவிகூட, சுவருக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று கேலி செய்வாள்.

அன்றைக்குப் போன வீட்டில், அந்த அம்மாள் டிவிக்குப் பக்கத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். வாசல் மூலையில் போட்டால் கேபிள் அசிங்கமாகத் தெரியுமாம். எல்லா வீட்டிலும் கேட்பதுபோல, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி."

சொன்ன வேகம் உறுத்தத்தான் செய்தது. வெளியே போய் ஒரு சுற்றுப் பார்த்திருக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்ததால் சோம்பல்பட்டுவிட்டார். டிரில்லை வைத்து அழுத்தினால் சுவர் உடனே வழிவிட்டது. வெளிச்சுவர் இவ்வளவு லேசில் மசியாதே என்று யோசித்தபடி, தூசியை ஊதிவிட்டுக் கண்ணை வைத்தார்.

அந்தப் பக்கம் இன்னொரு கண் இருந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பக்கம் யாரோ பார்க்கிறார்கள் என்றார். திரும்பினால் அம்மாளின் முகம் வெளுத்திருந்தது. மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள். முன்பு ஒரே வீடாம். அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். அந்தக் கண் அவளுடைய ஓரகத்தியுடையதாகத்தான் இருக்கும், கொழுந்தனின் மனைவி. ஒரே அடுப்படியில் புழங்கியவர்கள். ஆண்கள் பேச்சை நிறுத்தியதும் இவர்களும் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்தின் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது; யார் கேட்டாலும் ஒண்ணுமில்லை என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டதாம். புருஷன் சாப்பிட வருவதற்குள் ஓட்டையை அடைக்காவிட்டால் வீடு ரெண்டாகிவிடும் என்றாள். ஏற்கெனவே ரெண்டாகத்தானே இருக்கிறது என்று நினைத்தார், சொல்லவில்லை.

வெள்ளை சிமெண்டைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அவள் குறுக்கே நின்றாள்.

"இருப்பா. அவ இன்னும் நிக்கிறாளா பாரு."

"நிக்கிறாங்க."

அவர் ஒதுங்க, அவள் கண்ணை வைத்தாள். பிறகு வாயை ஓட்டையருகே கொண்டுபோனாள்.

"ஏண்டி இப்படி இளைச்சுட்ட?"

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீங்க இருமுறது தினமும் இங்க கேக்குதுக்கா. டாக்டர்கிட்ட போனீங்களா, இல்லையா?"

அம்மாள் சுவரிலேயே சாய்ந்துகொண்டு அழுதாள். கேபிள்காரர் கையில் சிமெண்ட் இறுகிக்கொண்டிருந்தது. அடைக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி வந்தாள். ஓட்டைக்குச் சற்று மேலே ஓர் ஆணி அடித்துத் தரச் சொன்னாள். அடித்துக் கொடுத்தார். காலண்டரை மாட்டியதும் ஓட்டை இருந்த சுவடே தெரியவில்லை.

"கேபிளுக்கு அந்த வாசல் மூலையிலயே ஓட்டை போட்டுடுப்பா. தெரிஞ்சா தெரியட்டும்."

மூலையில் போட்டு, வழக்கம்போல் கண்ணை வைத்தார். வெறும் வானம்தான். அவருக்குச் சப்பென்று இருந்தது.