விற்றமின் எண்டு சொல்லி வைச்ச ரின்

அவுஸ்திரேலியாவுக்குப் போன கதையை ஆரும் எடுத்தால் போதும், என்ரை மனுசன் உடனை போனை எடுத்துப் படத்தைக் காட்டுவார். செம்மண், ஒரு முகில் இல்லாத வானம், வெள்ளைக் கரவன், அதுக்கு முன்னாலை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாங்கள் அஞ்சு பேர். பாக்கிற சனம், "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" எண்டும். நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள்ளை போயிடுவன். அந்தப் படத்தை இண்டைக்கும் என்னாலை பாக்க ஏலாது.

நாங்கள் கனடாவிலை, ரொறன்ரோவிலை அஜின்கோர்ட் பக்கம் இருக்கிறம். மனுசன்ரை தமையன் குடும்பம் அவுஸ்திரேலியாவிலை, அடிலெயிட்டிலை. ஒரு வயித்திலை பிறந்த ரெண்டு பேரும் பூமியின்ரை ரெண்டு தொங்கலிலை போய் விழுந்தினம், கனகாலமா வட்ஸ்அப்பிலைதான் முகம் பாக்கிறது. தமையன் வேலையை விட்ட கையோடை ஒரு கரவன் வாங்கினார். காருக்குப் பின்னாலை கொழுவி இழுக்கிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், தண்ணித் தாங்கி எல்லாம் உள்ளுக்கை. அதிலை நாட்டின்ரை நடுவுக்குப் போவம், ஒரு சனமும் இல்லாத இடம், வாங்கோ வாங்கோ எண்டு ஒரே ஆக்கினை. ஒரு சனமும் இல்லாத இடத்துக்கு என்னத்துக்குப் போவான் எண்டு நான் கேட்டன். அதுக்குள்ளை ரிக்கெற் போட்டாச்சு.

என்ரை பயத்துக்குக் காரணம் மகள். அவளுக்குப் பதினாறு வயசு. ஏழு வயசிலை அவளுக்குச் சீனி வருத்தம் வந்தது. எங்கடை சனத்துக்குச் சீனி வருத்தம் எண்டால், வயசு போனவை தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் குடிக்கிறதுதான் தெரியும். இது அது இல்லை. இவளின்ரை உடம்பிலை இன்சுலின் சுரக்கிறதே இல்லை. சாப்பிட முன்னம் ஊசி, படுக்க முன்னம் ஊசி. அந்த மருந்து ரெண்டு மூண்டு நாள் இல்லாட்டில் பிள்ளை இல்லை. இப்பிடிப் பச்சையாச் சொல்லாட்டில் ஆருக்கும் விளங்குதில்லை.

பள்ளிக்கூடத்திலை அவள் வகுப்புக்குள்ளையே சட்டையைத் தூக்கி ஊசியைப் போட்டுப்போட்டுக் கணக்குச் செய்வாள். எங்கடை ஆக்களின்ரை கலியாணத்துக்குப் போனால் மட்டும் வோஷ்றூம். அது என்ரை மனுசன் போட்ட சட்டம். "பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஆரும் கேட்டு வந்தால்?" எண்டுவார். "கேட்டு வாறவனை நான் கலைச்சு விடுறன், நீங்கள் அதை யோசியாதேங்கோ" எண்டு நான் பாயுவன். மனுசன் கெட்டவர் இல்லை. ராவிலை சீனி இறங்கி அவளின்ரை போனிலை அலாரம் அடிச்சால் முதல் எழும்பிறதும் அவர், யூஸ் எடுத்துக்கொண்டு ஓடுறதும் அவர். ஆனால் வாயைத் திறந்து ஒருத்தருக்குச் சொல்ல மாட்டார். கூடப் பிறந்த தமையனுக்கும் சொல்லேல்லை.

மருந்தை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பேரின்ரை பையிலை கொண்டு போங்கோ எண்டுதான் ரொறன்ரோவிலை டொக்டர் சொன்னவர். நானும் அப்பிடித்தான் பிரிச்சனான். அடிலெயிட்டிலை போய் இறங்கின உடனை இவர் மகளின்ரை கையிலை இருந்த ஊசிப் பேனையைத் தவிர மிச்சம் எல்லாத்தையும் எடுத்து ஒரு தகரப் பிஸ்கற் ரின்னுக்குள்ளை போட்டு ரேப் சுத்தினார். ரெண்டு இடத்திலை இருந்தால் ரெண்டு பேர் பாப்பினமாம். தமையன்ரை மனுசியிட்டை, "அண்ணி, இது பிள்ளையின்ரை விற்றமின் ஊசி, குளிரிலை இருக்க வேணும்" எண்டு குடுத்தார். அவவை நான் அக்கா எண்டுதான் கூப்பிடுறது. பாவம், தங்கமான மனுசி. ரின்னைப் பக்குவமா வாங்கிப் பிரிட்ஜ் கதவிலை வைச்சா.

அந்தப் பிரிட்ஜைப் பாத்திருக்க வேணும். போற வழியிலை இடைக்கிடை பெற்றோல் அடிக்கிற இடங்களிலை சாப்பாடு விக்கும். அக்காவுக்கு அதிலை நம்பிக்கை இல்லை. ஆட்டுக்கறி, கணவாய்க்கறி, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, இடிச்ச சம்பல், புட்டு அவிச்சு ஆறவிட்டுப் பொதி பொதியா. உலகம் அழிஞ்சாலும் நாங்கள் அஞ்சு பேரும் அந்தப் பாலைவனத்திலை இருந்து புட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சாமான். கறி பழுதாப் போகாமல் இருக்கப் பிரிட்ஜின்ரை குளிரையும் கடைசி மட்டும் திருகி விட்டிருந்தா.

முதல் நாள்கள் வடிவாத்தான் போச்சுது. றோட்டு நேராப் போகும், போய்க்கொண்டே இருக்கும். ஒரு வீடு இல்லை, ஒரு மரம் உருப்படியா இல்லை. அங்கை அப்ப குளிர் காலம், பகலிலை இதமான வெயில், இருட்டினால் பல்லுக் கிட்டும். என்ரை போனிலை சிக்னல் கோடு ஒவ்வொண்டாக் குறைஞ்சு கடைசியிலை ஒண்டும் இல்லாமல் போச்சுது. ரொறன்ரோவிலை நான் வேலையிலை இருந்தாலும் மகளின்ரை சீனி எவ்வளவு எண்டு போனிலை பாத்துக்கொண்டிருப்பன். அவளின்ரை கையிலை ஒட்டியிருக்கிற சென்சர் அனுப்பும். சிக்னல் போனாப் பிறகு அவளின்ரை போனிலை மட்டும்தான் தெரியும். நான் எட்டி எட்டிப் பாக்க, "அம்மா, ஸ்ரொப். ஐ ஆம் பைன்" எண்டு போனைக் கவிட்டு வைப்பாள். பெட்டைக்கு வாய் கூட.

கையிலை வைச்சிருந்த ஊசிப் பேனையிலை மருந்து முடிய, ரின்னிலை இருந்து புதுசு எடுத்துப் போட்டாள். அண்டைக்கு மத்தியானமே சீனி ஏறத் தொடங்கிச்சுது. கத்தரிக்காய்க் குழம்பிலை பெரியம்மா சீனி போட்டிருப்பா எண்டு சொல்லி இன்னொருக்காப் போட்டாள். இறங்கேல்லை. படுக்கேக்கை போட்டாள், விடியவும் போட்டாள். போனிலை சீனியைக் காட்டுற அம்புக்குறி மேலையே நிண்டது. காரிலை ஏறிக் கொஞ்ச நேரத்தாலை சத்தி எடுத்தாள், தமையன் காரை ஓரமா நிப்பாட்டினார்.

"காரோட்டம் ஒத்துக்கொள்ளேல்லைப் போலை" எண்டார் என்ரை மனுசன், தமையனுக்குக் கேக்க. அவரின்ரை முகம் வெளிறிப்போய் இருந்தது. அக்கா ஓடிப்போய்க் கரவனுக்குள்ளை தேசிக்காய்த் தண்ணி கரைச்சுக்கொண்டு வந்தா, அடியிலை சீனி கரையாமல் கிடக்குது. "குடி ராசாத்தி, தெம்பு வரும்." மகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். "நான் என்ன நஞ்சே தாறன்?" எண்டு அக்காவுக்கு மனவருத்தம். எனக்குக் குழறி அழ வேணும் போலை இருந்தது.

கார் திரும்ப வெளிக்கிட்டுது. தமையன் ஓட, இவர் பக்கத்திலை. பின்னாலை எனக்கும் அக்காவுக்கும் நடுவிலை மகள். அவளின்ரை மூச்சு ஆழமா, இழுத்து இழுத்து வந்தது. வாயிலை பழுத்த பழம் மாதிரி ஒரு மணம். அந்த மணம் எனக்குத் தெரியும். ஏழு வயசிலை அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினண்டைக்கும் அதே மணம்தான். அவள் என்ரை காதுக்குள்ளை சொன்னாள், "அம்மா, இந்த இன்சுலின் வேலை செய்யேல்லை. எல்லாமே."

நான் அக்காவைத் திரும்பிப் பாத்துக் கேட்டன், "அக்கா, அந்த ரின்னை நீங்கள் எங்கையேன் மாத்தி வைச்சனீங்களே?"

"முந்தநாள் ஆட்டுக்கறி வைக்க இடம் காணாமல் மேலை ஐஸ் பெட்டிக்குள்ளை வைச்சனான். விற்றமின்தானே, நல்லாக் குளிரட்டும் எண்டு. கறி முடியத் திரும்ப எடுத்துக் கதவிலை வைச்சிட்டன். ஏன்?"

உறைஞ்ச இன்சுலின் வெறும் தண்ணிக்குச் சமன். திரும்ப இளகினால் பாக்கிறதுக்கு வித்தியாசமே தெரியாது. எங்களிட்டை இருந்தது முழுக்க அந்த ஒரு ரின். கிளினிக் இருக்கிற அடுத்த ஊருக்கு இருட்ட முன்னம் போகலாம் எண்டு காலமை தமையன் சொன்னவர், அப்ப இன்னும் மத்தியானம் ஆகேல்லை.

நான் காரை நிப்பாட்டச் சொல்லப் போனன். அதுக்குள்ளை என்ரை மனுசன் கையை நீட்டிக் காரிலை இருந்த ரேடியோவின்ரை மைக்கைப் பறிச்சார். பார லொறிக்காரரும் கரவன்காரரும் வழி விடச் சொல்லிக் கதைக்கிற ரேடியோ அது, அந்தப் பக்கத்தாலை போற எல்லாருக்கும் கேக்கும். இங்கிலீசிலை கத்தினார். "என்ரை மகளுக்கு டயபிற்றிஸ். ஏழு வயசிலை இருந்து. மருந்து பழுதாப் போச்சு. ஆரிட்டையேன் இன்சுலின் இருக்கோ? தயவு செய்து, ஆரிட்டையேன்?" இந்த மனுசன் கலியாண வீட்டிலை மகளை வோஷ்றூமுக்கு அனுப்பினவர். குரல் உடைஞ்சு, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

தமையன் பிறேக்கை அமத்தினார். பின்னாலை கரவன் ஒரு ஆட்டம் ஆடி நிண்டது. அவர் தன்ரை சீற்றுக்குக் கீழை கையை விட்டு ஒரு கறுப்புப் பையை இழுத்து எடுத்தார். சிப்பைத் திறந்து பின்னாலை நீட்டினார். உள்ளுக்கை இன்சுலின் பேனையள்.

"சாப்பிட முன்னம் போடுறது இது" எண்டார். "இந்த நாலு வருசமாப் போடுறன்."

அக்கா முந்தானை மாதிரிச் சால்வையாலை முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினா. அவவுக்கு முன்னமே தெரியும் எண்டு எனக்கு அப்பதான் விளங்கிச்சுது. என்ரை மனுசன் மைக்கைக் கையிலை பிடிச்சபடி தமையனையே பாத்துக்கொண்டிருந்தார். "எங்கை வைச்சுப் போட்டனீங்கள்? நாங்கள் ஒரு நாளும் காணேல்லையே?" எண்டு கேட்டார். "ரயர் பாக்கப் போறன் எண்டு இறங்கிறனான்" எண்டார் அவர்.

மகள்தான் பேனையை வாங்கி எழுத்தைப் படிச்சாள். "வேறை பேர், ஆனால் இது கெதியா வேலை செய்யிற சாமான்தான்" எண்டு புது ஊசி கேட்டு வாங்கிப் பூட்டினாள். நான் அவளை இறக்கிக் கார்க் கதவிலை சாத்திப் பிடிச்சன். அக்கா அந்த நேரத்திலையும் சால்வையை விரிச்சு மறைக்கப் போனா, "வெளியிலை நிண்டு... ஆரும் பாப்பினம்."

"ஆர் பெரியம்மா? கங்காருவோ?" எண்டாள் மகள், ஏலாத குரலிலை, சட்டையைத் தூக்கிக்கொண்டு.

ரேடியோவிலை ஒரு பொம்பிளையின்ரை குரல் வந்தது. லொறி ஓடுறவவாம். நாங்கள் நிக்கிற இடத்தைக் கேட்டா, தன்னட்டை சற்றலைற் போன் இருக்கு, கிளினிக்குக்கு அடிச்சுச் சொல்லுறன், நீங்கள் நிக்காமல் வாங்கோ எண்டா. தமையன் கரவனைக் கழட்டி றோட்டோரமா விட்டிட்டு வெறும் காரைப் பறக்க விட்டார். நான் மகளின்ரை போனைக் கையிலை வைச்சுக்கொண்டு அந்த அம்புக்குறியைப் பாத்தபடியே இருந்தன். கடவுளைக் கும்பிட்டனோ, ஆரையும் திட்டினனோ தெரியாது. கனநேரம் அது மேலையே நிண்டது. பிறகு சரிஞ்சுது. பிறகு கீழை திரும்பிச்சுது. அப்பதான் எனக்கு ஒண்டு மண்டையிலை உறைச்சுது. விடியத் தொட்டு என்ரை பிள்ளை சத்தி எடுத்துக்கொண்டு மூச்சுக்கு இழுத்த நேரம் முழுக்க, கை எட்டுற தூரத்திலை, முன் சீற்றுக்குக் கீழை மருந்து கிடந்திருக்கு. இவர் இன்னும் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால்? எனக்கு வந்த கோவத்துக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் அந்தச் செம்மண்ணிலையே இறக்கி விட்டிட்டுப் போயிருப்பன். கார் ஓடத் தெரிஞ்சவை அவை ரெண்டு பேரும்தான், அதாலை தப்பிச்சினம்.

கிளினிக் எண்டது ஒரு சின்னத் தகரக் கட்டிடம். ஒரேயொரு நர்ஸ். மகளைக் கட்டிலிலை படுக்க வைச்சுச் சேலைன் ஏத்தினா, விரலிலை குத்தி ரத்தம் பாத்தா, போனிலை டொக்டரோடை கதைச்சா. இனிப் பயமில்லை எண்டு சொல்லிப்போட்டு எங்களைப் பாத்துக் கேட்டா, குடும்பத்திலை வேறை ஆருக்கும் டயபிற்றிஸ் இருக்கோ எண்டு.

ரொறன்ரோவிலை இந்தக் கேள்வியை எத்தினை டொக்டர்மார் கேட்டிருப்பினம். "ஒருத்தருக்கும் இல்லை" எண்டு என்ரை மனுசன் உடனை சொல்லுவார், சொல்லேக்கை என்ரை பக்கம் ஒருக்காப் பாப்பார், என்ரை ஆக்களிட்டை இருந்துதான் வந்தது எண்ட மாதிரி. இந்த முறை தமையனைப் பாத்தார்.

"எனக்கு இருக்கு" எண்டு தமையன் நர்சுக்குச் சொன்னார். பிறகு குனிஞ்சுகொண்டு, தமிழிலை, தம்பிக்கு மட்டும் சொல்லுற மாதிரி, "அம்மாவுக்கும் இருந்தது" எண்டார்.

"அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம்" எண்டார் என்ரை மனுசன்.

"உனக்குச் சொன்னது நெஞ்சு வருத்தம். காலிலை புண் வந்து மாறாமல், பேந்து காலையும் எடுத்து, அதுக்குப் பிறகுதான் போனவ. நீ அப்ப கனடாவிலை தனிய, அங்கை இருக்கிறதுக்குப் பேப்பரும் கிடைக்காமல் இருந்தனி. அவனுக்குச் சொல்லிப்போடாதை, வீணா யோசிப்பான் எண்டு அம்மாதான் சத்தியம் வாங்கினவ."

என்ரை மனுசன் சுவரோடை கிடந்த கதிரையிலை இருந்தார். காலை எடுத்தவையோ எண்டு மெல்லமாக் கேட்டார். தமையன் ஓம் எண்டார். எந்தக் கால் எண்டு கேட்டார். கேட்டுப்போட்டு ரெண்டு கையாலையும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நர்சுக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஒவ்வொருத்தரின்ரை முகமாப் பாத்துக்கொண்டு மறுமொழிக்குக் காத்துக்கொண்டு நிண்டா.

மகள்தான் படுத்தபடியே இங்கிலீசிலை சொன்னாள், "அப்பாவின்ரை அம்மாவுக்கும் இருந்தது. அப்பாவுக்கு இப்பதான் தெரியும்."