உமிப்பெட்டி நுரை

வன்னியில், உடையார்கட்டு ஊரில் பிரதீபனின் சலூனுக்குப் போய் வந்தவர்கள் றேசரைப் பற்றிக் கதைப்பதில்லை, நுரையைப் பற்றித்தான் கதைப்பார்கள். தை மாதத்துக் காலைக் குளிரில் வயலைப் பார்த்துவிட்டு நேரே வந்து கதிரையில் சாய்பவரின் கன்னத்தில் அந்த இளஞ்சூட்டு நுரை பட்டதும், மனுசன் கண்ணை மூடிக்கொள்வார். ஊரிலேயே பெரிய வாய்க்காரர் என்று பெயரெடுத்த வீரகத்தி ஐயாகூட அந்த ஐந்து நிமிடமும் பேச்சுமூச்சில்லாமல் கிடப்பார். அவர் மனைவி பத்மாசனிக்கு அதைக் கேள்விப்பட்டதிலிருந்து பிரதீபன் மேல் தனி மரியாதை.

அந்த நுரை தன் கைவண்ணம் என்று பிரதீபன் நம்பினான். அவனைப் பொய்யன் என்று சொல்லிவிட முடியாது. பதினைந்து வருடமாக எல்லோரும் அவனையே புகழ்ந்தார்கள், அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் நடந்தது. உண்மையில் நுரை சலூனுக்குள் பிறப்பதே இல்லை. சலூனுக்குப் பின்பக்கம் வீட்டுச் சமையல் நடக்கும் குசினி. நடுவில் பலகைச் சுவர். சுவரில் ஒரு முழ அகலத்தில் சின்ன யன்னல். ஆள் வந்து கதிரையில் இருந்த சத்தம் கேட்டால் யன்னல் திறக்கும், ஒரு கிண்ணம் நுரை வரும், யன்னல் மூடும். கிண்ணத்தை நீட்டுகிற கை அவன் மனைவி சுகந்தினியுடையது.

இந்தத் தொழில் பிரதீபனுக்குப் பரம்பரையாக வந்ததல்ல. மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய மாயாண்டிக்கும் சுப்பம்மாவுக்கும் பிறந்தவன். மண்வெட்டிதான் அவன் கைக்கு எழுதியிருந்தது. சண்டை முடிந்து முகாமில் இருந்த நாட்களில், யாரோ கொடுத்த கத்தரிக்கோலோடும் ஒரு றேசரோடும் கூடாரத்துக்கு முன்னால் தொடங்கினான். சவர்க்காரம் கிடைப்பதே பெரும்பாடு. நுரை ஆறினால் படுத்துவிடும், படுத்தால் திரும்பவும் சவர்க்காரம் வேண்டும். ஆறவிடாமல் வைத்தால் ஒரு தடவை அடித்த நுரையே பத்து முகத்துக்குக் காணும் என்று கண்டுபிடித்தவள், அப்போது கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத சுகந்தினி. சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நுரை அடித்த தகரப் பேணியை இறக்கி, தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு இருப்பாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு சேலைத்துண்டின் இடத்துக்கு உமிப்பெட்டி வந்தது. ஒரு மரப்பெட்டி நிறைய அரிசி ஆலையில் அள்ளிய உமி. நடுவில் குழி. குழிக்குள் சுடுதண்ணீர்ப் பானை, பானைக்குள் நுரைப் பேணி, மேலே நனைத்துப் பிழிந்த துணி. சந்தனச் சவர்க்காரத்தை மெல்லிசாகச் சீவி, பிரஷை முதலே வெந்நீரில் ஊறவைத்து, துளித்துளியாகத் தண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் அடிப்பாள். பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் பார்ப்பதுபோல முழங்கையால்தான் சூடு பார்ப்பாள். மத்தியானம்வரை அந்த நுரை அசையாது. இதெல்லாம் பிரதீபனுக்குத் தெரியாததல்ல. பெட்டி குசினிக்குள் இருக்கிறது என்று தெரியும், அம்மி இருக்கிறது என்று தெரிவதுபோல.

வினை கனடாவிலிருந்து வந்த ஒருவனின் உருவத்தில் வந்தது. முகம் வழிக்க வந்தவன் நுரையில் மயங்கிப்போய் கைத்தொலைபேசியை நீட்டி, "அண்ணை, இப்பிடி ஒரு நுரையை நான் எங்கையும் காணேல்லை. எப்பிடிச் செய்யிறனீங்கள்?" என்று வீடியோ எடுத்தான். பிரதீபன் தலைமயிரைத் தடவி விட்டுக்கொண்டு, "அது தம்பி, கையிலை இருக்கிற வித்தை. மனுசி சுடுதண்ணி வைச்சுத் தருவா, அவ்வளவுதான்" என்றான்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றி, ஓமந்தையிலிருக்கும் சுகந்தினியின் தங்கை தயாளினியின் கைக்கும் போனது. அவள் சும்மா இருப்பாளா? அன்று பின்னேரமே அக்காவுக்குக் கோல் எடுத்துவிட்டாள். "அக்கா, அத்தான் உன்னைச் சுடுதண்ணிக்காரி ஆக்கிப்போட்டார், பாத்தனியே?"

சுகந்தினி பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். சண்டை பிடிக்கவில்லை. இரவு மீன் குழம்பு வழக்கத்தைவிட ருசியாக இருந்தது. பிரதீபன் அதைப் பார்த்தே பயந்திருக்க வேண்டும். அவனோ இன்னொரு பிடி சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் முதல் ஆள் கதிரையில் இருந்ததும் யன்னல் திறந்தது. வந்தது கேத்தில்.

"இதென்ன?"

"சுடுதண்ணி," என்றாள் சுகந்தினி. "அவ்வளவுதான்."

யன்னல் மூடிக்கொண்டது.

கையில் வித்தை உள்ளவன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? அவனும் நுரை அடித்தான். நுரை வரத்தான் செய்தது. பிரஷை எடுத்துக் கன்னத்துக்குக் கொண்டு போவதற்குள் ஆறிப்போனது, பாதி முகம் வழிப்பதற்குள் தண்ணீராகிக் கழுத்தால் ஓடியது. இரண்டாம் நாள் பேணியை நேரே அடுப்பில் வைத்தான். பொங்கி வழிந்து, பேணியின் அடியில் மிஞ்சியது ஒரு கரண்டி சவர்க்காரக் கஞ்சி. அதற்குப் பிறகு தகரக் கூரை மேல் வெயிலில் வைத்துப் பார்த்தான். காகம் ஒன்று வந்து அலகைவிட்டு ருசி பார்த்து, முகம் சுளித்துவிட்டுப் போனது. கடைசியில் தேத்தண்ணி பிளாஸ்குக்குள் ஊற்றி மூடினான். நுரை எப்படியோ போகட்டும், அடுத்த நாள் அந்தப் பிளாஸ்கில் தேத்தண்ணி வாங்கிக் குடித்த வீரகத்தி ஐயா ஏவறை விட்டு ஏப்பம் எடுக்கும்போதெல்லாம் சந்தன வாசம் வந்ததுதான் ஊருக்குக் கதையாகிவிட்டது.

உமிப்பெட்டியைத் தரச்சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. கேட்டால், அந்த வீடியோ முழுவதும் பொய் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டுமே. பின்னேரங்களில் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போகும்போது வாழையடியில் வெள்ளை வெள்ளையாக நுரை கிடப்பதைக் கண்டான். உடுப்புத் தோய்த்த தண்ணீர் என்று நினைத்துத் தாண்டிப் போனான்.

ஒன்பதாம் நாள் வீரகத்தி ஐயா கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். "என்னடா இது, கன்னத்திலை தவளை ஏறி இருக்கிறமாதிரிக் கிடக்கு! வாற வெள்ளி என்ரை ரஜிதனுக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்கு முகம் வழிக்க உன்னைத்தான் கூப்பிட யோசிச்சனான். ஞாயிற்றுக்கிழமை வாறன். அண்டைக்கும் இந்தத் தவளைதான் எண்டால், நாங்கள் புதுக்குடியிருப்புச் சலூனுக்குப் போறம்."

இத்தனை வருடத்தில் ஒரு கலியாண வீட்டுக்கும் பிரதீபனை யாரும் கூப்பிட்டதில்லை. சலூனுக்கு வருவார்கள், நுரையைப் புகழ்வார்கள். மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பதென்றால் பழக்கப்பட்ட ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். முகாமில் தொழில் பழகியவனுக்கு முற்றத்தில் சொந்தபந்தம் சூழ மாப்பிள்ளையின் முகம் வழிப்பதென்பது எவ்வளவு பெரிய ஆசை என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. சுகந்தினியிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சலூனின் நீள வாங்கில் இடமில்லாமல் ஆட்கள் இருந்தார்கள். வீரகத்தி ஐயா கதிரையில் சாய்ந்தார். யன்னல் திறந்தது, கேத்தில் வந்தது, யன்னல் மூடியது. பிரதீபன் உயிரைக் கொடுத்து அடித்தான். ஐயாவின் இடது கன்னத்தில் பூசினான்.

"தவளை," என்றார் ஐயா கண்ணைத் திறக்காமல்.

பிரதீபன் பிரஷைத் திரும்பவும் கேத்தில் தண்ணீரில் தோய்த்தான். காஸ் முடிந்துபோச்சு என்று சொல்லலாமா, காய்ச்சல் என்று சொல்லலாமா என்று மனம் ஓடியது. பிறகு, ஓடிக் களைத்துப்போய்த்தான் போலிருக்கிறது, வாய் உண்மையைச் சொன்னது.

"ஐயா, நுரை நான் அடிக்கிறேல்லை. ஒரு நாளும் அடிச்சதில்லை. சுகந்திதான் அடிக்கிறவ."

வாங்கில் இருந்தவர்கள் பத்திரிகையை இறக்கினார்கள். பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"கேக்கேல்லை. கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லுங்கோ."

"நுரை சுகந்தி அடிக்கிறது!" என்று வீதியால் போன பஸ்ஸுக்கும் கேட்கக் கத்தினான் பிரதீபன். "முகாமிலையிருந்து அவதான் அடிக்கிறவ! எனக்கு ஒரு இழவும் தெரியாது!"

யன்னல் திறந்தது. கிண்ணம் வந்தது. தொட்டுப் பார்த்தான், அதே சூடு, அதே கட்டி. இது இந்த நிமிடத்தில் அடித்த நுரை அல்ல. யன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தான். குசினித் தரையில் உமிப்பெட்டி, அதன்மேல் ஈரத்துணி.

"எப்ப அடிச்சனீ?"

"காலமை. ஒவ்வொரு நாளும் தானே அடிக்கிறனான்."

"இந்தப் பதினொரு நாளுமோ?"

"ஓம். எந்த நேரம் உங்களுக்கு வாய் திறக்குமோ எண்டு ஆருக்குத் தெரியும்? பின்னேரம் வாழைக்கு ஊத்திப்போடுவன்."

பிரதீபனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பதினொரு நாளும் ஒரு முழத் தூரத்தில், பலகைக்கு அந்தப் பக்கம், அவனுக்காக நுரை சூடாகக் காத்துக் கிடந்திருக்கிறது.

"டேய், குடும்பக் கதையைப் பிறகு கதையடா," என்றார் வீரகத்தி ஐயா. "நுரை ஆறப்போகுது."

வலது கன்னத்தில் நுரை பட்டதும் ஐயா பேச்சை நிறுத்தினார். முகம் துடைத்து எழும்பும்போது, யன்னல் பக்கம் திரும்பித்தான் சொன்னார்: "பிள்ளை, வெள்ளிக்கிழமை விடிய வாங்கோ. இவனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வெள்ளிக்கிழமை உமிப்பெட்டி மோட்டார் சைக்கிளில் சுகந்தினியின் மடியில் ஏறிப் போனது. முற்றத்தில் மாப்பிள்ளை ரஜிதன் பலகையில் இருந்தான், சுற்றிவரச் சொந்தக்காரர். நுரை பூசிய கன்னத்தை மாப்பிள்ளை கண்ணை மூடி ரசிப்பதைக் கண்ட வீடியோக்காரர், "என்ன விசேசம் அண்ணை இந்த நுரையிலை?" என்று கமராவைத் திருப்பினார்.

"அவவைக் கேளுங்கோ," என்றான் பிரதீபன்.

சுகந்தினி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கமராவைப் பார்த்தாள்.

"அது கையிலை இருக்கிற வித்தை," என்றாள். "இவர் வழிச்சு விடுவார், அவ்வளவுதான்."

முற்றமே சிரித்தது. பிரதீபன் தலை நிமிராமல், மாப்பிள்ளையின் மற்றக் கன்னத்துக்கு இன்னொரு கிண்ணம் கேட்டுக் கையை நீட்டினான்.