பெட்டியில் வைக்காமல் விட்ட தாள்

இந்த ஜெர்மனியில் இருமல் மிட்டாய் வாங்கப் போனாலும் விசாரணை உண்டு. யாருக்கு, எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து, ஈரலில் கோளாறு உண்டா என்று 'அபோதேகெ' எனப்படும் மருந்துக்கடையின் பெண்மணி கேட்டு முடிப்பதற்குள் இருமலே நின்றுவிடும். வந்த புதிதில் எரிச்சலாக வரும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் "தலைவலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கை நீட்டினால் மாத்திரை வந்துவிடும். இப்போது அந்தக் கேள்விகளுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்கிறேன். காரணம் என் அக்கா.

அக்கா ஆரோக்கியமேரி ஆவூரில் இருந்தாள். ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டும் இறங்கவில்லை என்று போனில் புலம்புவாள். சென்ற வருடம் ஊருக்குப் புறப்படும் வாரத்தில், அதே கடையில் சீந்தில்கொடிச் சாற்றைச் செறிவாக்கிச் செய்த மாத்திரைகளைப் பார்த்தேன். பெட்டியின் மேல் நம் வேலியில் படரும் அதே இலை. பெருமை தாங்கவில்லை எனக்கு. நான்கு டப்பா எடுத்தேன். கடைப் பெண்மணி வழக்கம்போல் ஆரம்பித்தார். "இது எங்கள் ஊர் வேலியில் கிடக்கும் கொடி, ஆடுகூடத் தின்னும்" என்றேன் அரைகுறை ஜெர்மனில். என்ன புரிந்துகொண்டாரோ, "ஆட்டுக்குக் கொடுக்காதீர்கள்" என்றார் கவலையாக. பிறகு, கொடி வேறு, சாறு வேறு, உள்ளே ஒரு தாள் இருக்கிறது, கட்டாயம் படியுங்கள் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெட்டி கட்டும் வித்தையை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எடை கூடிவிடும் என்று சோப்பு, சாக்லேட், தைலம் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியை உரித்துத்தான் அடுக்குவோம். சீந்தில் டப்பாக்களையும் அப்படியே உரித்தேன். உள்ளே மடித்திருந்த தாள்கள் அட்டையோடு கீழறையின் பழைய காகிதக் குவியலுக்குப் போயின. மிச்சமான இடத்தில் இரண்டு பாக்கெட் பாதாம் வைத்தேன்.

"ஏன்டா, நம்ம சீந்திலையா அம்புட்டுத் தூரம் போயி வாங்கிட்டு வந்த?" என்று அக்கா சிரித்தாள். ஆனாலும் தம்பி கொடுத்ததாயிற்றே, ஒருநாள் தவறாமல் விழுங்கினாள். மூன்றாம் மாதம் கண் மஞ்சளித்தது. நம் பக்கம் காமாலைக்கு யார் டாக்டரிடம் ஓடுகிறார்கள்? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்துப் பத்தியம் இருந்தாள். உப்பை விட்டாள், எண்ணெயை விட்டாள், மீனை விட்டாள். நான் கொடுத்த மாத்திரையை மட்டும் விடவில்லை. வயிறு வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "வேற மருந்து ஏதாச்சும் சாப்புடுறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டாராம். "சுகர் மாத்திரை மட்டுந்தாங்க" என்றாளாம். அவள் பொய் சொல்லவில்லை. வேலியில் கிடக்கிற சீந்திலை அவள் மருந்து என்று நினைத்ததே இல்லை. பதினோராம் நாள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து இங்கே திரும்பியவன், கீழறையில் சேர்த்து வைத்திருந்த பழைய காகிதங்களைக் குப்பைக்குப் பிரித்தபோது அந்தத் தாள் கையில் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். சிலருக்கு ஈரலைப் பாதிக்கலாம், கண்ணோ தோலோ மஞ்சளித்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவும் என்று இருந்தது. இங்குள்ள டாக்டரிடம் கேட்டேன். அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். நான் ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், போன் செய்தார்.

"மாப்ள, ஒங்கக்கா டப்பா ஒண்ணு பிரிக்காமக் கெடக்கு. எனக்கும் சுகர் ஏறிருச்சுங்குறாங்க. போட்டுக்கிறட்டுமா?"

"வேணாம் அத்தான்."

"ஏன், டேட்டு முடிஞ்சிருச்சா?"

ஆமாம் என்று தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "அக்காவுக்குக் காமாலை வந்ததே அதனாலயா இருக்கும் அத்தான். அப்படி வரலாம்னு உள்ள ஒரு தாள்ல போட்ருந்துச்சு. நாந்தான் படிக்காமத் தூக்கிப் போட்டுட்டேன்."

அத்தான் ஒன்றைத்தான் கேட்டார்.

"அந்தத் தாளு இப்ப எங்க?"

"இங்கதான் இருக்கு. எங்கிட்ட."

"மருந்து இங்கிட்டு வந்துச்சு, தாளு அங்கிட்டே தங்கிருச்சு" என்றார். போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை, நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அந்த வாசலில் என்னை உள்ளே வா என்பார்களா, தெரியாது. கட்டிலின் மேல் பெட்டியைத் திறந்து வைத்து நான்கு நாளாகிறது. அந்தத் தாளைத் தவிர அதில் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை.